பத்தே முக்கால்

நூற்று நாற்பதே படி என்றார் தரகர் ஒடெட்.
வால்பராய்சோவில் எல்லா வீடும் மலைமேல்தான்.
இது பதினோராவது.
தகரச் சுவருக்குப் புதிதாய் மஞ்சள் அடித்திருக்கிறார்கள்,
கடல் உப்பு அதையும் தின்னத் தொடங்கிவிட்டது.
சமையலறை, குளியலறை என்று கைகாட்டிக்கொண்டே போனவர்
நான்காவது கதவில் குரலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்தார்:
"இது குழந்தைக்கு."

எலிசேயோ அந்த அறைக்குள் நுழையவில்லை.
வாசலில் நின்றே நிலைச்சட்டத்தைத் தட்டி
கரையான் உண்டா என்று கேட்டான்.
நான் குழாயைத் திறந்துவிட்டு
துரு கலங்கி வந்து, வெளுத்து, தெளியும்வரை
தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசிக்குள் பழைய வீட்டைக் காலி செய்தாகவேண்டும்.
வீட்டுக்காரரின் மகள் வடக்கிலிருந்து திரும்புகிறாள்,
கையில் இரட்டைப் பிள்ளைகள்.
சொல்லும்போது அவர் தரையைப் பார்த்தார்.
அவர்மேல் எனக்குக் கோபமில்லை.
பொய். மூன்று நாள் இருந்தது.

முதல் முறை, தங்கவில்லை என்றார் மருத்துவர்.
இரண்டாம் முறையும் அதே சொல்.
மூன்றாம் முறை ஆறு வாரம் தங்கிக் கலைந்தது.
ஏதோ சத்திரத்துக்கு வந்த ஆள்
அறையை எட்டிப் பார்த்துவிட்டு
பையைத் தூக்கிக்கொண்டு போனதுபோல.
படி ஏறும்போதெல்லாம் இதையே மென்றேன்.
பதினோரு வீட்டில் நாங்களும் அதைத்தானே செய்தோம்?
ஒன்றில் ஈரவாடை.
ஒன்றில் மதியமே இருட்டு.
ஒன்றில் ஒரு குறையும் இல்லை,
ஏனோ பிடிக்கவில்லை.
அந்த வீடு என்ன பாவம் செய்தது?
யாராவது அதனிடம் போய்க் காரணம் சொல்லியிருப்பார்களா?

இந்த வீடு பிடித்ததா என்று கேட்காதீர்கள்.
நாள் இல்லை, எடுத்துக்கொண்டோம்.

வீட்டைக் கலைக்கும் வியாழக்கிழமை அன்று
அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுக்காமல்
மூட்டை கட்டுகிறோம், மூட்டை கட்டுகிறோம் என்றே சொல்லி வந்தேன்.
அதே வியாழன் இரவு பத்தே முக்காலுக்குக் கடைசி ஊசி.
ஒரு நிமிடம் பிசகக்கூடாது என்று
தாளில் இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருந்தார்கள்.
மருந்து குளிரில் இருக்கவேண்டும்,
குளிர்பெட்டியோ வண்டியில் கயிறு கட்டிக் கிடக்கிறது.
மீன்துறைக்கு ஓடினேன்.
"எந்த மீனுக்கு?" என்று கேட்டாள் ஐஸ் உடைப்பவள்.
மீனுக்கில்லை என்றேன்.
என் முகத்தில் எதைக் கண்டாளோ,
இரண்டு கை அதிகமாக அள்ளிப் போட்டாள், காசு வாங்கவில்லை.

பாரம் தூக்கக்கூடாது எனக்கு.
செதில் ஒட்டிய ஐஸ் பெட்டியை மட்டும் மார்போடு அணைத்து ஏறினேன்.
பாதிப் படியில் மணி பத்து நாற்பது.
மேலே வீட்டில் இன்னும் மின்சாரம் இல்லை.
தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்தோம்.
காலையிலிருந்து அலமாரி சுமந்த எலிசேயோவின் விரல்கள்
ஊசி மூடியைக்கூடக் கழற்ற மாட்டாமல் ஆடின.
"கொடுங்கள்," என்றான்
முதுகில் எங்கள் குளிர்பெட்டியோடு வந்த சுமைகாரன் லௌதாரோ.
"மனைவிக்குச் சர்க்கரை. ஒன்பது வருடமாக நான்தான்."
பெட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்,
குடிக்கும் தண்ணீரில் கை கழுவினான்,
என் வயிற்றுத் தோலை இரண்டு விரலால்
ரொட்டிமாவு போலக் கிள்ளிப் பிடித்தான்.
எலிசேயோ கடிகாரம் பார்த்துச் சொன்னான்: இப்போது.
ஒரு தெருநாய் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தது.

என்ன மருந்து என்று லௌதாரோ கேட்கவில்லை.
மேலே வந்தபின் ஒவ்வொரு சுமைக்கும் கேட்டான்,
"இதை எங்கே வைக்க?"
எலிசேயோ ஒவ்வொரு முறையும்
நான்காவது அறையைக் காட்டினான்.
கூரை முட்ட நிரம்பியது.
கதவை இழுத்துச் சாத்தவும் முடியவில்லை.

மெத்தை சமையலறைத் தரையில்.
முப்பத்தாறு மணி நேரம் ஓடத் தொடங்கிவிட்டது.
கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிறார்கள்.
தூங்கிவிட்டான் என்று நினைத்த எலிசேயோ
இருட்டில் சொன்னான்:
"எண்ணிக்கொண்டே வந்தேன்.
நூற்று நாற்பத்திரண்டு படி."
இரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார் ஒடெட்.
ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்தால் ஊசி போட்ட இடம் வலித்தது.